மாறியது அவரா, டேப்பா, காதா?

கேள்வி: எனக்கு 53 வயது. பள்ளி முடித்த காலத்திலிருந்து ஒரே இசையமைப்பாளரின் ரசிகன். அவருடைய கேசட்டுகள் மட்டும் 140 வைத்திருக்கிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அவர் பாட்டு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இன்டர்லூட் இல்லை, குரல் மிஷின் மாதிரி இருக்கிறது, வார்த்தை புரியவில்லை, ஒரே இரைச்சல். போதாததற்கு, அவருடைய பழைய பாட்டையே இப்போது போனில் போட்டால் ஏதோ வேறு மாதிரி கேட்கிறது. "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா" என்கிறான் பையன். அவர் மாறிவிட்டாரா, நான் மாறிவிட்டேனா? பரணில் கிடக்கும் கேசட்டுகளை என்ன செய்வது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: இசையமைப்பாளரின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அது நமக்குள் இருக்கட்டும். இதே கடிதத்தை நாலைந்து பேரின் ரசிகர்கள் பெயரை மட்டும் மாற்றி எழுதலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தில் ஒலிப்பதிவுக்காரனான எனக்கு உதவும் வரி ஒன்று இருக்கிறது: பழைய பாட்டும் வேறு மாதிரி கேட்கிறது என்பது. புதுப் பாட்டு பிடிக்காமல் போனால் ஆயிரம் காரணம் சொல்லலாம். 1993-இல் பதிவான பாட்டு இன்று வேறாகக் கேட்டால் அதற்கு இசையமைப்பாளர் எப்படிப் பொறுப்பாவார்? பாட்டுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே ஏதோ மாறியிருக்கிறது. பழைய பாட்டைக் கெடுக்கும் அதே காரணம் புதுப் பாட்டையும் கெடுத்துக்கொண்டிருக்கும். முதலில் அதைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதற்குத்தான் அவரைக் கேள்வி கேட்க வேண்டும்.

வேகத்தில் தொடங்குவோம். கேசட்டில் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். வீட்டு டேப் ரெக்கார்டரில் மோட்டாரும் பெல்ட்டும் அந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே போவது சகஜம். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். உங்கள் செட் நூற்றுக்கு மூன்று வேகமாக ஓடியது என்று வையுங்கள். கால் கட்டை ஏறி, ஐந்து நிமிடத்தில் ஒன்பது நொடி குறைந்த பாட்டைத்தான் இத்தனை வருடமும் கேட்டுப் பழகியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் அதுதான் அசல். சரியான வேகத்தில் வரும் நிஜமான அசல் உங்களுக்குச் சோம்பலாகத் தெரியும். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட் என்றால் அந்தக் கடை டெக்கின் வேகப் பிழையும் இதோடு சேரும்.

இணையத்தில் நேர்மாறான கோளாறு. உரிமை இல்லாமல் பாட்டை ஏற்றுகிறவர்களில் சிலர், தானியங்கிச் சோதனையில் பிடிபடாமலிருக்க வேகத்தையோ சுருதியையோ லேசாக மாற்றி ஏற்றுகிறார்கள். வேக மாற்றத்தைக் கண்டுபிடிக்க நேரத்தைப் பார்த்தாலே போதும். ஒரு பிரதி 4:52, இன்னொன்று 4:41, இரண்டிலும் முன்னும் பின்னும் எதுவும் வெட்டப்படவில்லை என்றால் வேகம் கிட்டத்தட்ட நூற்றுக்கு நான்கு வித்தியாசப்படுகிறது. நேரம் ஒன்றாக இருந்து சுருதி மட்டும் மாறியிருந்தால் ட்யூனர் செயலியில் ஆதார சுருதியைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதற்கு முதல் வெளியீட்டுக் குறுந்தகடு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இசை நிறுவனமே ஏற்றிய பிரதியை எடுங்கள். "8டி", "ரீமிக்ஸ்", "5.1" என்று தனியார் யாரோ ஒட்டிய பெயர் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆப்பிள் மியூசிக்கில் கேட்கிறீர்களென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2021-லிருந்து அதில், ஒலி சுற்றிலுமிருந்து வருவதுபோல் கேட்கும் டால்பி அட்மாஸ் பிரதிகள் வருகின்றன. அவை பழைய ஸ்டீரியோவை அகலமாக்கியவை அல்ல, குரலையும் வாத்தியங்களையும் புதிதாகக் கலந்து செய்த மிக்சிங். குரல் பின்னால் போயிருக்கலாம், தபேலா எங்கோ பக்கவாட்டிலிருந்து வரலாம். அமைப்புகளில் மியூசிக் பகுதிக்குப் போய் டால்பி அட்மாஸை அணைத்துவிட்டுக் கேளுங்கள். "ஏதோ வேறு மாதிரி" என்பதில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது நீங்கள் "இரைச்சல்" என்று சொல்வது. இதில் உங்கள் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றை ஒரு டெசிபல் மட்டும் ஏற்றிப் போட்டால், சத்தம் கூடியது என்று காது சொல்லாது, "இதுதான் தெளிவாக இருக்கிறது" என்று சொல்லும். இது தெரிந்துதான் 1990-களின் நடுவிலிருந்து உலகம் முழுக்க ஒருவரை ஒருவர் மிஞ்சச் சத்தத்தை ஏற்றினார்கள். டிஜிட்டலில் சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட வழியில்லை. அதனால் லிமிட்டர் வைத்து உச்சங்களை வெட்டிவிட்டு, மெல்லிய இடங்களை மேலே தூக்கினார்கள். பல்லவியில் மெதுவாகத் தொடங்கிச் சரணத்தில் பொங்குவது என்ற ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. முதல் அரை நிமிடம் விறுவிறுப்பாக இருக்கும். நாலு பாட்டுக்குள் காது களைத்துவிடும்.

ரசிகர்களே இதைக் கையும் களவுமாகப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 2008-இல் மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது ஒலி நசுங்கிக் கிடக்கிறது என்று புகார் எழுந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டிலும் வந்திருந்தன. விளையாட்டில் இருந்த பிரதியில் அந்த நசுக்கல் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டவர்களுக்கு, குறை இசையில் இல்லை, பதிந்த பிறகு செய்த வேலையில்தான் என்று விளங்கிவிட்டது. மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பைச் செய்த பொறியாளரே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் இருந்தது என்றார்.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பழைய குறுந்தகட்டிலிருந்து ஒரு பாட்டு, புதிதில் ஒன்று, இரண்டையும் திறந்து அலை வடிவத்தைப் பாருங்கள். பழையது மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும். நசுக்கப்பட்டது, வரிசையாக அடுக்கிய செங்கல் மாதிரி மேலும் கீழும் நேர்கோடாக நிற்கும். பிறகு எஃபெக்ட் பட்டியலில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்பதை எடுத்து இரண்டுக்கும் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொடுங்கள். இப்போது இரண்டும் ஒரே சத்தத்தில் வரும். இனிமேல் செய்யும் ஒப்பீடுதான் நேர்மையானது. போனில் மட்டும் கேட்பவர் என்றால் ஸ்பாட்டிஃபையில் 'ஆடியோ நார்மலைசேஷன்' என்பதை இயக்கி 'நார்மல்' அளவில் வையுங்கள். எல்லாப் பாட்டும் சுமார் மைனஸ் 14-க்கு வரும். யூடியூபை ஒப்பீட்டுக்கு நம்ப வேண்டாம். அது சத்தமான பாட்டைக் குறைக்குமே தவிர, மெதுவான பழைய பாட்டை உயர்த்தாது.

இன்டர்லூட் காணாமல்போவதில் ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு. போன் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. பேஸ் கிட்டார், மிருதங்கத்தின் தொப்பி, டபுள் பேஸ் எல்லாம் அதற்குக் கீழேதான் குடியிருக்கின்றன. சிறிய புளூடூத் பெட்டிகள் பல, இடது வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்கி ஒலிக்கும். அப்படிக் கூட்டும்போது, அகலமாகக் கேட்பதற்காக எதிர் ஃபேஸில் (ஒரு பக்கத்தில் அலை ஏறும்போது மறுபக்கத்தில் இறங்கும்படி) வைத்த ஸ்ட்ரிங்ஸ், சிந்த் எல்லாம் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் குரலும் தாளமும் மட்டும் மிஞ்சும். "வெறும் அடியும் பேச்சும்தான் இருக்கிறது" என்று தோன்றினால் இதைச் சந்தேகப்படுங்கள். வயர் உள்ள, காதை மூடும் ஹெட்போன் ஒன்று போதும். பெரிய செலவு தேவையில்லை. ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் இரண்டையும் ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். மூன்று புள்ளியும் சம முக்கோணமாக இருக்க வேண்டும்.

பையன் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மேல்ஸ்தாயி அதிர்வெண்கள் குறைவாகக் கேட்பது இயற்கை. இருபது வயதில் 17, 18 ஆயிரம் ஹெர்ட்ஸ் கேட்ட காதுக்கு இப்போது 12 ஆயிரத்தைத் தாண்டுவதே சிரமமாக இருக்கலாம். அதனால் பாட்டு பாழாகிவிடாது. ஆனால் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இழப்பு வந்தால், பின்னணி அடர்ந்த பாட்டில் வார்த்தை புரியாது. ஒரே ஹெட்போனில் பழைய பாட்டின் வரி தெளிவாகவும் புதுப் பாட்டின் வரி மங்கலாகவும் கேட்டால் அது மிக்சிங் விவகாரம். அன்று குரலை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தினார்கள், இன்று வாத்தியங்களுக்கு நடுவே உட்கார வைக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேச்சும் பிடிபடவில்லை, டிவி சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்றால் காது மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை சோதிப்பார்கள். வலி கிடையாது, நேரமும் அதிகம் ஆகாது.

இவ்வளவையும் கழித்த பிறகும் மனதில் ஒட்டவில்லையா? இனி அவரைப் பற்றிப் பேசலாம்.

சுருதிப் பெட்டியைப் போட்டு, புதுப் பாட்டின் பல்லவியை வாத்தியம் எதுவும் இல்லாமல் நீங்களே முணுமுணுத்துப் பாருங்கள். பாடகராக இருக்க வேண்டியதில்லை. மெட்டு தனியாக நின்றால், உங்கள் மனத்தாங்கல் மெட்டோடு இல்லை, அதற்குப் போட்ட உடையோடுதான். நிற்கவில்லை என்றால் உங்கள் ஏமாற்றம் நிஜமானது. இதே சோதனையைப் பழைய பாட்டுகளுக்கும் செய்ய வேண்டும். அதில்தான் பலரும் தங்களை அறியாமல் ஏமாற்றுகிறார்கள். பழையதில் உயிருக்கு உயிரான பத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதியதில் கைக்கு வந்த பத்தோடு மோத விடுவார்கள். அது போட்டியே இல்லை. 140 கேசட்டில் ஏதாவது ஒன்றை எடுத்து, பி பக்கத்தில் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அவர் உச்சத்தில் இருந்த வருடத்தில் வந்த, நீங்களே மறந்துபோன பாட்டு அது. புதுப் பாட்டை அதோடு ஒப்பிடுங்கள்.

உடையைப் பற்றிய உங்கள் குறைகள் பெரும்பாலும் சரியானவை, காரணமும் உண்டு. முன்பு ஒரு சினிமாப் பாட்டு என்றால் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம் என்று நாலரை ஐந்து நிமிடம். படத்தில் முழுப் பாட்டும் இடம்பெறும், இடையிசையில்தான் காட்சி நகரும். இன்று பாட்டு பெரும்பாலும் காட்சிக்குப் பின்னால் துண்டாக ஓடுகிறது. இடையிசைக்குப் படத்தில் வேலை போய்விட்டது. ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்களில் 30 நொடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ஒரு நிமிட வயலின் முன்னிசையை யார் துணிந்து வைப்பார்? மூன்று நிமிடம், ஒரு சரணம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி என்று பாட்டு சுருங்கியது அப்படித்தான். இது ஒருவருடைய ரசனை மாறியதால் வந்ததில்லை, சந்தை கொடுத்த அளவு.

"மிஷின் குரல்" உங்கள் கற்பனை இல்லை. சுருதி திருத்தும் ஆட்டோ-ட்யூன் மென்பொருள் 1997-இல் வந்தது. அதில் திருத்தும் வேகம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மெதுவாக வைத்தால் கேட்பவருக்குத் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் குரல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் படிக்கட்டு மாதிரி டக்கென்று போய் நிற்கும். மேற்கத்தியப் பாட்டுக்கு அது ஒரு அலங்காரம். நம் பாட்டில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே அசையும் கமகம்தான் உயிர். மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். தேர்ந்த பொறியாளர், கமகம் வரும் இடங்களில் திருத்தத்தை அணைத்துவிட்டு நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் தொடுவார். அவசரத்தில் முழுப் பாட்டுக்கும் ஒரே அமைப்பைப் போட்டால் காந்தாரமும் நிஷாதமும் மரக்கட்டையாகிவிடும். அடுத்த முறை கேட்கும்போது சரணத்தில் குரல் இறங்கி வரும் இடத்தை மட்டும் கவனியுங்கள், உடனே பிடிபடும். தாளத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு அடியையும் கணினிக் கட்டத்தில் சரியாகப் பொருத்திவிட்டால், தபேலாக்காரர் ஒரு மயிரிழை பின்தங்கி வாசிப்பதால் வரும் சொகுசு போய்விடும்.

இன்னொன்றையும் ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் ஒருவருடைய "ஸ்டைல்" என்று நினைப்பது பல பேருடைய கை. ஏ.ஆர். ரகுமானின் தொடக்க காலம் தொட்டு அவர் பாட்டுகளைப் பதிந்து மிக்சிங் செய்தவர் எச். ஸ்ரீதர். 2008 டிசம்பர் 1 அன்று அவர் மறைந்தார். அந்தப் பதினாறு வருட ஒலியில் ஸ்ரீதரின் காதும் இருக்கிறது. குரல்களும் அப்படித்தான். சுவர்ணலதா 2010-இல் போனார், மலேசியா வாசுதேவன் 2011-இல், எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020-இல், வாணி ஜெயராம் 2023-இல். மெட்டு போட்டவர் இருக்கிறார், அதை உங்கள் மனதில் ஒட்டவைத்த குரல்கள் இல்லை. உங்கள் கேசட் உறைகளை எடுத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளில் ஒரே பாடகரோ, பாடலாசிரியரோ, உறையில் அச்சாகியிருந்தால் ஒரே பொறியாளரோ திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்தப் பெயர் எந்த வருடத்தோடு நிற்கிறதோ, உங்கள் ஏமாற்றமும் அதை ஒட்டித்தான் தொடங்கியிருக்கும்.

ரசிகர் கோபத்தில் இந்த முடிச்சு புதிதல்ல. 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் முதன்முறையாக எலெக்ட்ரிக் கிட்டாரும் குழுவுமாக மேடையேறியபோது கூச்சல் எழுந்தது. பாணியை மாற்றியதற்காகவா, வார்த்தையே கேட்காத மோசமான ஒலிக்காகவா, குழுவோடு மூன்றே பாட்டில் இறங்கிவிட்டதற்காகவா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. அன்று கொதித்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், ஒலி சிதைந்து வரிகள் புரியாததுதான் தன் கோபத்துக்குக் காரணம் என்று பின்னாளில் சொன்னார். இடத்திலேயே இருந்தவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை!

கடைசியாகக் கேட்கும் பழக்கம். கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட ஃபார்வர்டு அழுத்தி, நிறுத்தி, தேடி, மறுபடி அழுத்த வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே பிடிக்காத பாட்டையும் நாற்பது தடவை கேட்டோம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மேல் பிடிப்பு வரும் என்று ராபர்ட் ஜாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே காட்டியிருக்கிறார். "ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்" என்று ரசிகர்கள் சொல்வதும் அதைத்தான். புதுப் பாட்டுக்கு எத்தனை தடவை கொடுத்தீர்கள்? அநேகமாக ஒன்றரை. அதுவும் போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

அவருடைய சமீபத்திய ஆல்பம் ஒன்றை மட்டும் எடுத்துப் பத்து நாள், நாளுக்கு ஒரு முறை, முழுதாக, ஹெட்போனில், படம் பார்க்காமல் கேளுங்கள். முதல் இரண்டு நாள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்றாம் நாள் பேஸை மட்டும் பின்தொடருங்கள், நான்காம் நாள் குரலுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஐந்தாம் நாள் முணுமுணுப்புச் சோதனை. ஏழாம் நாளுக்குப் பிறகு, கேட்காத நேரத்தில் எந்த வரியாவது தானாக வாயில் வருகிறதா என்று குறித்து வையுங்கள். பத்தாம் நாளும் ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த ஆல்பத்தை நிம்மதியாக விட்டுவிடுங்கள். அவர் போடுவதெல்லாம் பிடித்தாக வேண்டும் என்று நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அவரும் 1993-லேயே நிற்பதாக எழுதிக் கொடுக்கவில்லை.

கேசட்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம், கொடுத்துவிடவும் வேண்டாம். பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றை முதலில் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி எடுங்கள். பல வருடம் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் சிறு உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் ஐந்தாறு கேசட்டுக்கு ஒரு முறை துடையுங்கள். ரப்பர் ரோலரை லேசாக ஈரம் பட்ட துணியால் துடைத்தால் போதும். ஒலி மங்கலாக வந்தால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஜால்ராவும் "ஸ" ஒலியும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன் திருகு நின்ற நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து கணினிக்கு 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 950 எம்பி ஆகும். 140-க்கும் 130 ஜிபியைத் தாண்டும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் இன்னும் குறையும். வேகத்தைத் திருத்துவது பதிந்த பிறகு ஆடாசிட்டியில் செய்கிற வேலை. குறுந்தகடோடு நேரத்தை ஒப்பிட்டு எவ்வளவு பிழை என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். திருத்தாத பிரதியையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இத்தனை வருடம் கேட்டது அதைத்தானே.